வில்லியம் கேரியின் அழைப்பும் டாரதி அம்மாளின் மறுப்பும்: பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

பனங்காட்டு வாசகன்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மிஷனரிகளின் வரலாற்றைப் பாடமாக எழுதித் தரும் வேலையை இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் பாடம், 1793இல் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு ஊழியம் செய்ய வந்த வில்லியம் கேரியைப் பற்றியது. இதுவரை நடத்திவந்த பாடத்தை எடுத்துப் பார்த்தேன். செருப்புத் தைத்த இளைஞன், சுவரில் தொங்கிய உலகப் படம், வங்காளப் புதிய ஏற்பாடு, உடன்கட்டை ஒழிப்பு என்று எல்லாம் வரிசையாக இருந்தன. அவருடைய மனைவி டாரதியைப் பற்றி மட்டும், மனைவி புத்தி பேதலித்திருந்தும் அவர் ஊழியத்தில் தளரவில்லை என்று ஒரே வரி இருந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறேன்.

நான் படித்தறிந்ததைச் சொல்கிறேன். 1781 ஜூன் 10 அன்று, இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் உள்ள பிடிங்டன் ஊர்க் கோயிலில் கேரிக்கும் டாரதி பிளாக்கெட்டுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இருபது வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பெண்ணுக்கு 25 வயது. எழுதத் தெரியாத அவர் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறியை இட்டார். முதல் குழந்தை ஆன் இரண்டு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் போயிற்று. பின்னால் லூசி என்ற பெண் குழந்தையையும் பறிகொடுத்தார்கள். 1793 தொடக்கத்தில், மூன்று ஆண் பிள்ளைகளைக் கையிலும் ஒன்றை வயிற்றிலும் சுமந்திருந்த அந்த அம்மாளிடம், இந்தியாவுக்குப் போகப்போகிறோம் என்று கணவர் சொன்னார். அவர் வரமாட்டேன் என்றார்.

கேரி மூத்த பிள்ளை பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வைட் தீவருகே அவர்களை இறக்கிவிட்டார்கள். கூட வந்த மருத்துவர் ஜான் தாமஸுக்கோ கடன்காரர்களின் தொல்லை வேறு. இந்தத் தாமதத்துக்குள் டாரதிக்கு ஜாபெஸ் பிறந்துவிட்டான். டென்மார்க் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்ததும் இருவரும் பிடிங்டனுக்குத் திரும்பி வந்து மறுபடியும் கேட்டார்கள். அவர் மறுபடியும் மறுத்தார். விடைபெற்று வெளியே வந்தபின் தாமஸ் மட்டும் வீட்டுக்குள் திரும்பிப் போய், இப்போது வராவிட்டால் குடும்பம் என்றைக்கும் சிதறிப்போகும், வாழ்நாள் முழுவதும் அதை எண்ணி வருந்துவீர்கள் என்று சொன்னார். தங்கை கிட்டி உடன் வந்தால் வருகிறேன் என்று டாரதி இணங்கினார். பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு அவர் டோவரில் கப்பல் ஏறிய நாள் 1793 ஜூன் 13. கல்கத்தாவில் இறங்கியது நவம்பர் 11.

அடுத்த ஆண்டு அக்டோபரில், வங்காளத்தின் மால்டா பக்கத்து முட்னாபட்டியில், ஐந்து வயது பீட்டர் சீதபேதியில் இறந்தான். 1795இன் தொடக்கத்தில் டாரதியின் மனநிலை குலைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்து, 1807 டிசம்பர் 8 அன்று கல்கத்தாவுக்கு அருகிலுள்ள செராம்பூரில் கண் மூடினார்.

என் கேள்வி இதுதான். கடவுள் கேரியோடு பேசினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே வீட்டில் இருந்த டாரதி சொன்ன ‘மாட்டேன்’ என்பதை ஏன் ஒரு தடையாக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறோம்? அதுவும் கேட்கப்பட வேண்டிய ஒரு சொல்லாக இருந்திருக்கலாகாதா?

ஓய்வுபெற்ற ஆயர்:

தம்பி, நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுச் சுவரில் தொங்கும் இறையியல் பட்டத்தின் தலைப்பில், கேரியும் தோழர்களும் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரியின் பெயர்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே படித்த எங்களுக்கும் அங்கிருந்துதான் பட்டம் வந்தது. ஆகவே கேரி எனக்கு வெளியார் அல்லர். உங்கள் கேள்விக்கு வருமுன் அவருடைய அழைப்பு எந்த மண்ணில் முளைத்தது என்பதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். அதைத் தவிர்த்துவிட்டு வழக்குப் பேசினால் இரண்டு பேருக்குமே நீதி கிடைக்காது.

அவர் 1761 ஆகஸ்ட் 17 அன்று பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் நெசவாளி ஒருவரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது தகப்பனார் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரும் கோயில் எழுத்தருமானார். பையனுக்குச் செடி, பூச்சி, பறவை என்றால் உயிர். கனடாவுக்குப் போய்த் திரும்பிய தோட்டக்காரச் சித்தப்பா ஒருவர் அந்த ஆசைக்கு நீர் வார்த்தார். ஆனால் வெயில் பட்டால் தோல் பாதிக்கும் நோய் இருந்ததால் வயல் வேலைக்கு அவர் உதவவில்லை. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். கிரேக்க எழுத்துகளை அவர் முதலில் கண்டது அந்தப் பட்டறையில் கிடந்த வேத விளக்க நூல் ஒன்றில்தான்.

அவருடைய மனமாற்றத்தைக் காட்சியும் தரிசனமுமாக யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அது ஒரு செல்லாக்காசில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைக்காரர்களிடம் அன்பளிப்புக் காசு வாங்கும் வழக்கப்படி, இரும்புச் சாமான் வியாபாரி ஒருவர் ஆறு பென்ஸ் வேண்டுமா ஒரு ஷில்லிங் வேண்டுமா என்று கேட்டார். பையன் ஷில்லிங்கை எடுத்துக்கொண்டான். அது கள்ளக்காசு என்று பிறகுதான் தெரிந்தது. முதலாளியின் காசுக்குள் அதை நுழைத்துவிட்டு, நல்ல ஷில்லிங்கைத் தான் வைத்துக்கொண்டான். இந்தப் பொய்யில் மாட்டாமல் காப்பாற்றினால் இனித் தீமை செய்யமாட்டேன் என்று வழிநெடுகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டே போனான். முதலாளி விசாரிக்க ஆள் அனுப்பினார், உண்மை வெளியாயிற்று, ஊரார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அவன் தெருவில் நடமாடவே கூசினான். இதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர் கேரியேதான். நான் நல்லவன் என்ற எண்ணம் அந்தக் காசோடு போயிற்று. உடன் தொழில் பழகிய ஜான் வார் என்ற இளைஞன் அவரை விடாமல் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தான். 1779 பிப்ரவரி 10 அன்று அங்கே கேட்ட வசனம், ‘பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்குப் புறப்பட்டுப்போகக்கடவோம்’ என்பது. அன்றோடு அவர் ஆங்கிலத் திருச்சபையை விட்டு அந்தச் சிறு கூட்டத்தாரோடு சேர்ந்தார். 1783இல் நீன் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்.

‘புறப்பட்டுப் போவது’ என்பது அவருக்கு அந்த வயதிலேயே விசுவாசத்தின் இன்னொரு பெயராகிவிட்டது. மோல்டனில் பள்ளி ஆசிரியராகவும் போதகராகவும் இருந்தபோது, தோல் துண்டுகளைத் தைத்து உலக உருண்டை செய்து பிள்ளைகளுக்குக் காட்டினார். 1792 மே மாத இறுதியில் நாட்டிங்காமில் அவர் எடுத்துப் பிரசங்கித்ததும், ‘உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு’ என்ற ஏசாயாவின் வசனம்தான். அந்த அக்டோபர் 2 அன்று கெட்டரிங்கில் மிஷனரிச் சங்கம் ஒன்றைத் தொடங்கக் கூடிய சிலர் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் தருவதாக எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகள் ஒரு பொடி டப்பாவில் சேர்ந்தன.

கூடாரத்தை விசாலமாக்கும் வசனத்தை நானும் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கூடாரத்துக்குள் இருந்த பெண்ணைப் பற்றி ஒரு முறையும் நினைத்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேலக்கரை:

பனங்காட்டு அண்ணனுக்கு ஒரு மறுப்பு. இன்றைய அளவுகோலைக் கொண்டு 1793ஐ அளப்பது நியாயமாகாது. இங்கிலாந்திலேயே இருந்தபோதும் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் டாரதி அம்மாள் தம் வாயால் சம்மதித்துத்தான் கப்பல் ஏறினார். கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை.

கேரி அன்று போகாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு வந்தது. பல இந்திய மொழிகளுக்கு அச்சு எழுத்து வார்த்த பட்டறை எழுந்தது. கல்கத்தாவின் கோட்டை வில்லியம் கல்லூரியில் வங்காளமும் சமஸ்கிருதமும் கற்பித்து மாதம் 500 ரூபாயில் தொடங்கிய சம்பளத்தை, தமக்கு வேண்டிய சிறு தொகை போக, ஊழியத்தின் பொதுப் பணத்தில் சேர்த்தார். 1829 டிசம்பரில் உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்யும் ஆணை மொழிபெயர்ப்புக்காக அவரிடம் வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் ஒரு விதவையின் உயிர் போகலாம் என்று, பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு அன்று மாலைக்குள் வங்காளத்தில் எழுதி முடித்தார். இத்தனை பெண்களின் உயிரை நினைத்தவரை, தம் மனைவியை நினைக்காதவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

இரவுப்பணிச் செவிலி:

மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில், அந்தப் பழைய பாடத்தில் உள்ள ‘புத்தி பேதலித்து’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், ஐயா. அந்தப் பிள்ளைகளில் ஒருவருடைய அம்மாவோ அத்தையோ அதே நோயோடு வீட்டில் இருக்கக்கூடும்.

டாரதி அம்மாளுக்கு இருந்ததாகக் கடிதங்களிலிருந்து தெரிவது, கணவர் வேறு பெண்களோடு உறவு வைத்திருக்கிறார் என்ற அசையாத நம்பிக்கை. மற்ற விஷயங்களில் தெளிவாகப் பேசுபவர், இந்த ஒன்றில் எந்தச் சான்றுக்கும் இணங்கமாட்டார். தெருவில் கணவரின் பின்னாலேயே போய்க் கூச்சலிட்டிருக்கிறார். கத்தியோடு பாய்ந்ததும் உண்டு. இப்படிப்பட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பகல் முழுவதும் அன்பாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்; கணவர் பார்வை நேரத்தில் கதவைத் திறந்ததும், அவருடைய சட்டையை முகர்ந்து பார்ப்பார்கள். அந்த முகத்தில் நான் கண்டது கோபத்தைவிடப் பயம். இதற்கு ஓரளவு பயன்தரும் மருந்து 1950களில்தான் வந்தது. 1795இல் அறையில் அடைத்துவைப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழி தெரியாது.

ஆகவே இந்தியா அவரை நோயாளியாக்கியது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்திலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் அவர் மேல் எவை எவை ஏறின என்று எண்ணிப் பாருங்கள். வந்து இறங்கியது முதல் வயிற்றுப்போக்கு அவரையும் பீலிக்ஸையும் வாட்டியது. கையில் பணமில்லை. நம்பி வந்த தங்கை கிட்டி சுந்தரவனத்துப் பக்கத்திலேயே திருமணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அதற்குப் பிறகு, கேரி வேலை பார்த்த அவுரித் தொழிற்சாலை இருந்த முட்னாபட்டியில் பீட்டரின் மரணம். தகப்பனும் காய்ச்சலில் கிடந்தார். தீட்டுக்கு அஞ்சிக் குழி வெட்ட ஆள் வரவில்லை; பெரும்பாடுபட்டு நான்கு முஸ்லிம்களை இணங்க வைத்தார்கள்; பெட்டியைச் சுமக்கவும் எளிதில் ஆள் கிடைக்கவில்லை. ஒரு தாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதத்தில் நோய் வெளிப்பட்டது.

மேலக்கரை அவர்கள் ‘சம்மதித்தார்’ என்கிறார். பிரசவித்துச் சில வாரமே ஆன ஒரு பெண்ணிடம், மூத்த பிள்ளையை ஏற்கெனவே தகப்பன் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்ட நிலையில், நீ வராவிட்டால் குடும்பம் சிதறும் என்று சொல்லி வாங்கிய இசைவு அது. மருத்துவமனையில் அந்த நிலையில் யாரிடமாவது ஒப்புதல் கையெழுத்து வாங்கச் சொன்னால் நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கேரி அவரைக் கைவிடவில்லை. அடுத்த அறையில் அவர் கத்திக்கொண்டிருக்க, இந்த அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார் என்பதைப் பலர் உறுதியின் அடையாளமாக எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. அந்த நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு ஆண்டு இருந்தவருக்கு, இலக்கணத்தையும் அகராதியையும் விட்டால் ஒதுங்குவதற்கு வேறு இடமில்லை.

பனங்காட்டு வாசகன்:

அம்மா, நன்றி. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

மேலக்கரைத் தம்பிக்கு ஒரு விளக்கம். கேரி போயிருக்கக் கூடாது என்பது என் வாதமன்று. அவருடைய அழைப்பு உண்மையானது என்று முழு மனதோடு நம்புகிறேன். குடும்பம் என்பது அழைப்புக்கு வெளியே, ஓரமாக, பின்னிணைப்பைப் போல இருக்கும் ஒன்று என்று நாம் நினைப்பதைத்தான் மறுக்கிறேன். அழைப்பு வீட்டுக்குள் வந்தால் வீட்டில் உள்ள எல்லாரிடமும் அது பேச வேண்டும். பேசும்வரை காத்திருப்பதும் கீழ்ப்படிதல்தான். வீடே தயங்கி நின்றிருந்தால் கேரி ஓராண்டு பொறுத்திருக்கலாம். பிள்ளை தவழத் தொடங்கியபின், தங்கை கிட்டியும் மனதார ஒத்துக்கொண்டபின், கையில் கொஞ்சம் பணத்தோடு புறப்பட்டிருக்கலாம். புதிய ஏற்பாடு 1801க்குப் பதிலாக 1802இல் வந்திருக்கும்.

தகரப்பெட்டி:

இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். நான் மிஷனரிகளின் மகள். என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வட இந்தியாவின் மலைக்கிராமம் ஒன்றுக்கு ஊழியத்துக்குப் போனவர்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லாததால் எனக்கு ஆறு வயது நிறைந்ததும் மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதியில் சேர்த்தார்கள். அனுப்பிய அமைப்பின் பெயரும் விடுதியின் பெயரும் இங்கே வேண்டாம்.

அப்பா ஒரு தகரப்பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் என் பெயரை எழுதிக்கொடுத்தார். தூரிகை சரியாக இல்லாததால், என் பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு சொட்டு ஒழுகிப் பூட்டுவரைக்கும் இறங்கியிருந்தது. முதல் வருடம் இரவில் விளக்கணைத்தபின் கட்டிலுக்குக் கீழே கையைவிட்டு அந்தச் சொட்டைத் தடவிக்கொண்டுதான் தூங்கினேன். மாதம் ஒரு இன்லேண்ட் கடிதம் எழுதலாம். விடுதியில் அதைப் படித்துப் பார்த்த பிறகே ஒட்டுவார்கள். வயிற்றுவலி என்று எழுதினால், அப்பா அம்மாவின் ஊழியத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று வேறு கடிதம் எழுதச் சொல்வார்கள். ‘நான் சுகம், நீங்கள் சுகமா’ என்பதைத் தவிர வேறொன்றும் எழுதாத கடிதங்கள் அம்மாவிடம் ஒரு கட்டு இருந்தன. என் மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அம்மா பதினோரு ஆண்டு நம்பினார். உண்மையை நான் சொன்னது என் திருமணத்துக்குப் பிறகு. அன்று அம்மா அந்தக் கட்டை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, இது எழுதிய அன்று என்ன நடந்தது, இது எழுதிய அன்று என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் பெற்றோர்மேல் எனக்குக் கசப்பில்லை. அவர்கள் வாழ்ந்த கிராமத்தில் இன்று என் வயதுப் பெண்கள் படித்திருக்கிறார்கள். என் அம்மாவைத் தங்கள் மொழியில் அம்மா என்று அழைக்கிறார்கள். அந்த அழைப்பு உண்மை என்பதற்கு அவர்களே சாட்சி. ஆனால் அந்த அழைப்பின் விலையில் ஒரு பங்கை நான் கட்டினேன், அதை யாரும் கணக்கில் எழுதவில்லை என்பதும் உண்மை.

அதனால்தான் கேரியின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறேன். தாய் பூட்டிய அறையில், தகப்பன் மொழிபெயர்ப்பில்; அந்த ஆண் பிள்ளைகளை வளர்த்தது யார்?

கொல்கத்தாத் தமிழன்:

சகோதரி, உங்கள் கேள்விக்கு விடை செராம்பூரிலேயே இருக்கிறது. அவர்களை வளர்த்தவர் ஹன்னா மார்ஷ்மன். 1799இல் கணவர் ஜோஷுவா மார்ஷ்மனோடு வந்தவர். கம்பெனி ஆட்சிப் பகுதியில் புதிய மிஷனரிகளைத் தங்கவிடாததால், ஹூக்ளி ஆற்றங்கரையில் டென்மார்க் கொடி பறந்த செராம்பூரில் அவர்கள் தங்கினார்கள். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார். நம் தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு இறங்கியதும் அதே டென்மார்க் கொடியின் கீழ்தான். எல்லாக் குடும்பங்களும் ஒரே வளாகத்தில், ஒரே பந்தியில், ஒரே பணப்பெட்டியில் வாழ்ந்தார்கள். கேரியின் பையன்கள் கண்டிப்பாரின்றித் திரிவதைக் கண்ட ஹன்னா, தகப்பன் அந்தக் குறையைக் கண்டு வருந்துகிறார், ஆனால் திருத்துவதற்கு வேண்டிய கண்டிப்பு அந்த மென்மையான மனிதரிடம் இல்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சோறும் ஒழுங்கும் அவரிடமிருந்து வந்தன; அச்சுக்கூடத்தை நடத்திய வில்லியம் வார்டு, பீலிக்ஸுக்கு அண்ணனைப் போல இருந்தார்.

1800 டிசம்பர் 28ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று கேரி ஹூக்ளி ஆற்றில் இறங்கித் தம் மகன் பீலிக்ஸுக்கும், ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த முதல் வங்காள விசுவாசியான தச்சர் கிருஷ்ண பாலுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். வளாகத்தில் ஓர் அறையில் டாரதி அம்மாள் கதறிக்கொண்டிருந்தார். இன்னோர் அறையில், மகிழ்ச்சி தாங்காமல் மனம் கலங்கிப்போன ஜான் தாமஸ். பிடிங்டனில் அந்த அம்மாளை இணங்கவைத்த அதே மனிதர். பதினைந்து வயதுப் பீலிக்ஸ் ஈரத் துணியோடு கரையேறியபோது எந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பான் என்று அந்தத் துறையில் நின்று யோசித்திருக்கிறேன்.

பீலிக்ஸ் 1807இல் பர்மாவுக்கு மிஷனரியாகப் போனார். மனைவி இறந்தார், மறுமணம் செய்தார், 1814இல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து அந்த மனைவியையும் குழந்தைகளையும் இழந்தார். பர்மிய அரசரின் தூதராகி, பிறகு அந்த வேலையும் போய், எங்கெங்கோ அலைந்து, 1818இல் தகப்பனிடம் திரும்பினார். 1822இல் இறக்குமுன் வங்காளத்தில் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி எழுதினார். அவர் தூதரானபோது, மிஷனரியாக இருந்த மகன் தூதராகச் சுருங்கிவிட்டான் என்று கேரி சொன்னதைப் பிரசங்கங்களில் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கான பாடத்தில் அதைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தாயையும் மனைவியரையும் பிள்ளைகளையும் இழந்தவரைப் பற்றிச் சொன்ன சொல் அது.

டாரதி இறந்து ஐந்து மாதத்தில், 1808 மே மாதம், கேரி சார்லட் ரூமோர் என்ற டேனிஷ் பெண்மணியை மணந்தார். அவரும் நடக்கச் சிரமப்படும் நோயாளி. ஆனால் படித்தவர், கணவரின் வேலையில் பங்குகொண்டவர். அந்தப் பதின்மூன்று ஆண்டுகள்தாம் கேரி வீட்டில் நிம்மதி கண்ட காலம். சார்லட் 1821இல் இறந்தார். மூன்றாவது மனைவி கிரேஸ் ஹியூஸ் கடைசிவரை உடனிருந்தார். 1834 ஜூன் 9 அன்று இறந்த கேரி, சார்லட்டின் பக்கத்தில் தம்மை அடக்கம் செய்யுமாறு உயிலில் எழுதிவைத்திருந்தார். டாரதியின் பெயரை அதில் தேடாதீர்கள்.

நான் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நினைவுக்கு வருவது ஒரு பூ. இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையை, ஒட்டியிருந்த மண்ணும் வீணாகக் கூடாதென்று கேரி ஒரு நிழலான இடத்தில் உதறினார். சில நாளில் அங்கே ஒரு டெய்சிச் செடி முளைத்தது. முப்பது ஆண்டாகக் காணாத ஊர்ப் பூவைக் கண்டு குழந்தையைப் போல மகிழ்ந்து கடிதம் எழுதினார். 41 ஆண்டுகளில் ஒரு முறையும் ஊர் திரும்பாத மனிதரின் ஏக்கம் அந்தப் பூவில் வெளிப்பட்டது. டாரதி அம்மாளுக்கு அப்படி ஒரு பூ கிடைத்திருந்தால் யாரிடம் எழுதச் சொல்லியிருப்பார்?

மேலக்கரை:

தகரப்பெட்டிச் சகோதரி எழுதியதைப் படித்தபின் என் முந்தைய பதிவின் தொனிக்காக வருந்துகிறேன். கேரியின் தொண்டைப் பற்றி நான் சொன்னவற்றில் மாற்றமில்லை. ஆனால் ‘கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆயர்:

1905 கிறிஸ்துமஸ் நாளில், செராம்பூரில், கேரியின் பழைய நூலக அறையில் கூடித்தான் தேசிய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்நின்றவர் பின்னாளில் பேராயரான நம் வெள்ளாளன்விளை அசரியா. அதற்கு இரண்டு ஆண்டு முன் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். நம்மூர்க் குடும்பங்கள் வடக்கே போகத் தொடங்கிய வழி கேரியின் அந்த அறை வழியாகத்தான் போகிறது. ஆகவே சகோதரியின் தகரப்பெட்டிக்கும் அதில் பங்குண்டு.

ஊழியத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களை நேர்காணும் குழுவில் நான் பல ஆண்டு இருந்தேன். அழைப்பைப் பற்றிக் கணவனிடம் ஒரு மணி நேரம் கேட்போம். மனைவியிடம், ‘உங்களுக்கும் சம்மதம்தானே, அம்மா?’ என்று கேட்போம். அவர் தலையசைப்பார். அடுத்தவரை உள்ளே வரச் சொல்வோம். எத்தனை தலையசைப்புகளைப் பார்த்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

பனங்காட்டு வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு பாடத்தை எழுதி முடித்தேன். செல்லாக்காசுக் கதையும் தோல் உருண்டையும் டெய்சிப் பூவும் இருக்கின்றன. அவை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். படுத்த படுக்கையாகப் பல ஆண்டு கிடந்தும் அண்ணனுக்காக இடைவிடாமல் ஜெபித்த தங்கை பாலியைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். பழைய வரி இருந்த இடத்தில் இப்போது உள்ளதை இங்கே தருகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

‘கேரி ஐயாவின் மனைவி பெயர் டாரதி. இந்தியாவுக்கு வர அவருக்கு விருப்பமில்லை. வரமாட்டேன் என்று சொன்னார். அவரிடம் மறுபடி மறுபடி கேட்டார்கள். குடும்பம் பிரிந்துவிடும் என்று சொன்னபோது, கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். இந்தியாவில் அவருடைய பிள்ளை ஒருவன் இறந்தான். அதன்பின் அவருக்கு மனநோய் வந்தது. அந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை. அவர் மிகவும் பயந்தார், மிகவும் துன்பப்பட்டார். கேரி ஐயாவும் துன்பப்பட்டார். அவர்களுடைய பிள்ளைகளை ஹன்னா அம்மாள் கவனித்துக்கொண்டார். டாரதி அம்மாள் செராம்பூரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.’

இதன் கீழே பயிற்சிக் கேள்வியாக, ‘டாரதி அம்மாள் வரமாட்டேன் என்று சொன்னபோது நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவரிடம் என்ன கேட்டிருப்பீர்கள்?’ என்று எழுதியிருக்கிறேன்.

தகரப்பெட்டி:

அண்ணன், ‘பிள்ளை ஒருவன்’ என்று இருக்கிறதே, அங்கே பீட்டர் என்று அவன் பெயரை எழுதிவிடுங்கள். வயது ஐந்து என்பதையும்.